கொடுக்காமல் பார்ப்பது

சிங்கப்பூரில் காட்டுப் பறவைக்கு ஒரு பிடி அரிசி போடுவது குற்றம். 1965-ஆம் ஆண்டின் காட்டு விலங்குகள், பறவைகள் சட்டம் திருத்தப்பட்டு, வனவிலங்குச் சட்டம் என்ற புதுப் பெயரோடு 2020 ஜூன் 1 அன்று நடப்புக்கு வந்தது. அனுமதியின்றித் தீவின் எந்த மூலையிலும் வனவிலங்குக்கு உணவளிக்கக் கூடாது. முதல் தடவைக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், மறுபடி பிடிபட்டால் 10,000 வரை. புறா, மைனா, காக்கை எல்லாம் இதில் அடக்கம். எங்கள் பூன் லே வட்டார அடுக்குமாடிகளில் கீழ்த்தளத் தூண்களிலும் மின்தூக்கி ஓரங்களிலும் இதைச் சொல்லும் அறிவிப்புகள் தென்படும். அவற்றைப் படிக்காத புறாக்கள் மட்டும் வழக்கம்போல் வந்து பார்த்துவிட்டுப் போகின்றன.

இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, இரைத்தட்டுக்கு வரும் காட்டுப் பறவையை நிதானமாகக் காண ஆசைப்பட்டால், அடுத்த நாட்டுத் தட்டை எட்டிப் பார்ப்பதுதான் வழி. அதற்கு இன்று கடவுச்சீட்டு வேண்டியதில்லை. அமெரிக்காவின் இத்தாக்கா நகரிலுள்ள கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம், தன் வளாகமான சாப்சக்கர் வனத்துக் குளக்கரையில் இரைத்தட்டுகளைத் தொங்கவிட்டு, அவற்றை நோக்கி ஒரு கேமராவை வைத்து, பகல் முழுதும் இணையத்தில் நேரலையாக விட்டுக்கொண்டிருக்கிறது. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் மானிட்டுவாட்ஜ் என்ற சிற்றூரில் இன்னொன்று. பனாமாவில், அணைந்துபோன எரிமலையின் வாய்க்குள் அமைந்த எல் வாயே என்ற ஊரின் கேனப்பி லாட்ஜில் மூன்றாவது. அங்கே தட்டில் வைப்பது வாழைப்பழம்.

நேரக் கணக்கு பூன் லேக்காரர்களுக்குச் சாதகமானது. பனாமா நமக்குப் பதின்மூன்று மணி நேரம் பின்னால். துவாஸிலும் ஜூரோங்கிலும் வேலை முடித்தவர்களை ரயில் கொண்டுவந்து கொட்டும் மாலை ஏழு மணிக்கு அங்கே காலை ஆறு. இரு ஊர்களும் நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பவை. இங்கே இருட்டும் நேரத்தில் அங்கே விடிகிறது. துவாஸ் கப்பல் பட்டறையில் நம் ஆள் ஒருவர் துருவைச் சுரண்டிச் சாயம் பூசிய கப்பல் பனாமா கால்வாய்க்குப் போய்ச் சேர வாரக்கணக்காகும். அவர் கைப்பேசி கணத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

*

பனாமாத் தட்டுக்கு முதலில் வருபவை பெரும்பாலும் சாச்சலாக்காக்கள். கோழி அளவு, சாம்பல் தலை, பழுப்பு உடம்பு; ஒன்று வந்தால் குடும்பமே வரும், ஒன்றன் மேல் ஒன்று ஏறி நின்று சாப்பிடும். அவை இருக்கும்வரை சிறு பறவைகள் கிளைகளில் பொறுத்திருக்கும். பிறகு டூக்கான் இனத்து அரக்காரி, தன் முகத்தைவிட நீளமான அலகோடு வந்து இறங்கும். அவ்வளவு பெரிய அலகை வைத்துக்கொண்டு ஒரு சிறு துண்டை நுனியில் எடுத்து, தலையை அண்ணாந்து தூக்கிப்போட்டு விழுங்கும். வாலின் நுனியில் இரண்டு மட்டைகளைத் தொங்கவிட்டதுபோல் இறகு கொண்ட மோட்மோட் வந்தால், கூட நின்று பார்ப்பவர்களுக்கெல்லாம் அன்று யோகம்.

இத்தாக்காவின் தட்டு வேறு உலகம். குளிர்காலத்தில் அங்கே விடிவதற்குள் நமக்கு இரவு எட்டு, எட்டரை ஆகிவிடும். அப்போது தட்டின் விளிம்பில் பனி உறைந்து கிடக்கும். சிக்கடி என்ற கருந்தொப்பிச் சிட்டு வரும். உள்ளங்கைக்குள் அடங்கும் உருவம். தட்டில் உட்கார்ந்து தின்னும் பழக்கம் அதற்கில்லை. ஒரே ஒரு சூரியகாந்தி விதையை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய், காலடியில் பிடித்துக் கொத்தி உடைக்கும். அல்லது பட்டைப் பிளவில் ஒளித்துவைக்கும். ஒளித்த இடங்களைப் பின்னால் நினைவிலிருந்தே தேடி எடுக்கும். செங்கொண்டைக் கார்டினல் ஜோடியாக வரும். நீல ஜே என்ற பறவைக்குப் பருந்தின் குரலில் கத்தத் தெரியும். அதைக் கேட்டுத் தட்டு காலியாவதும் உண்டு. நிஜப் பருந்தே வந்து ஒரு புறாவைத் தூக்கிக்கொண்டு போவதும் உண்டு. கேமரா இரண்டிலிருந்தும் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை.

பார்க்கப் பார்க்கத் தட்டில் ஓர் அதிகார வரிசை இருப்பது புலப்படும். யார் வந்தால் யார் எழ வேண்டும் என்பது ஏற்கெனவே முடிவாகியிருக்கும். வட அமெரிக்காவில் குளிர்காலந்தோறும் பொதுமக்கள் தங்கள் தோட்டத்துத் தட்டுக்கு வரும் பறவைகளை எண்ணி அனுப்பும் ஃபீடர்வாட்ச் திட்டம் 1987-லிருந்து நடக்கிறது. அதில் பங்கேற்பவர்கள், யார் யாரைத் துரத்தினார்கள் என்றும் எழுதி அனுப்பினார்கள். அந்தக் குறிப்புகளை வைத்து ஆய்வாளர்கள் 2017-ல் ஒரு கண்டத்தின் பறவைகளுக்கே அதிகாரப் பட்டியல் போட்டார்கள். உடல் பெரிதானால் அதிகாரமும் பெரிது என்பது பொது விதி. மரங்கொத்திகள் போன்ற சிலவோ தம் எடைக்கு மீறிய மரியாதையை வாங்கிவிடுகின்றன. அடுப்படி ஜன்னலோரம் நின்று புறக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண்ணிலிருந்து பிறந்த அறிவு இது.

நம் கண்ணும் அப்படிப் பழகுகிறது என்பதுதான் இந்தக் கேமராக்களின் முதல் நன்மை. திரையில் நாம் பார்க்கும் மற்ற எல்லாமே நம்மைப் பிடித்து நிறுத்துவதற்காக வெட்டி ஒட்டப்பட்டவை. இங்கே வெட்டு இல்லை. வெறும் தட்டும் காற்றில் ஆடும் இலையுமாக நெடுநேரம் ஓடும். சலிப்பைத் தாண்டி உட்கார்ந்திருப்பவருக்கே பறவை. வேடனும் உழவனும் பழகியிருந்த காத்திருப்பு இது. சாய்வு நாற்காலிக்காரர்களுக்கு இப்போது கிடைத்திருக்கிறது.

*

பூன் லேக்குப் பறவை புதிதல்ல. காம்பியர் செடியும் பிறகு ரப்பரும் பயிரிட்ட சியூ பூன் லே என்ற சீன வணிகரின் பெயரைத் தாங்கிய இந்த வட்டாரம், 1960-களில் ஜூரோங் தொழிற்பேட்டையின் ஓரமானது. சதுப்பைத் தூர்த்துத் தொழிற்சாலை கட்டும் திட்டத்தை அமைச்சர் கோ கெங் சுவீயின் மடமை என்று அன்று கேலி பேசினார்கள். அதே கோ கெங் சுவீ, உலக வங்கிக் கூட்டத்துக்காக ரியோ டி ஜெனிரோ போனபோது, ஆட்கள் உள்ளே நடந்து செல்லும் அளவுக்குப் பெரிய பறவைக்கூடம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை போக ஓரிடம் வேண்டும் என்று ஜூரோங் குன்றுச் சரிவில் பறவைப் பூங்காவைத் தொடங்கிவைத்தார். 1971 ஜனவரி 3 அன்று திறந்த ஜூரோங் பறவைப் பூங்கா, 2023 ஜனவரி 3 அன்று, சரியாக 52 ஆண்டு முடிந்த நாளில், கதவடைத்தது. பறவைகள் மண்டாயில் கட்டிய புதிய வளாகத்துக்குக் குடிபெயர்ந்தன. அது அதே ஆண்டு மே மாதம் திறந்தது.

பூன் லே பேருந்து முனையத்தில் 194-ஆம் எண் பேருந்தேறினால் பூங்கா வாசலில் இறங்கலாம் என்பது இப்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்திருந்த வழி. உள்ளே ஒன்பது மாடி உயரக் கூடமொன்று இருந்தது, லோரிக் கிளிகளுக்கானது. சின்னக் கிண்ணத்தில் இனிப்புத் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கி நீட்டினால், சிவப்பும் பச்சையும் நீலமுமான கிளிகள் தோளிலும் கையிலும் தலையிலும் வந்து உட்கார்ந்து நக்கும். ஊட்டும் பிள்ளையின் முகத்தைப் படமெடுக்க எதிரே பெற்றோர் கூட்டம்.

வேலிக்கு உள்ளே ஊட்டுவதற்கு நுழைவுச்சீட்டு, வேலிக்கு வெளியே ஊட்டினால் அபராதம். இதைச் சொல்லிச் சிரிப்பது எளிது. இருந்தாலும் இரண்டும் ஒரே கொள்கையின் இரு முகங்கள்தான். கூண்டுப் பறவையின் வயிறும் நோயும் இனப்பெருக்கமும் ஒருவர் பொறுப்பில் இருக்கின்றன; அங்கே ஒரு கிண்ணம் இனிப்பு நீர் கணக்கில் எழுதப்பட்ட உணவு. காட்டுப் பறவைக்கு நாம் போடும் உணவு யார் கணக்கிலும் இல்லை. நேரலைக் கேமரா இவ்விரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஏற்பாடாக வந்திருக்கிறது: பறவை கூண்டில் இல்லை, உணவை வேறொருவர் வைக்கிறார், நமக்குப் பார்வை மட்டும்.

*

பார்வை மட்டும் என்பது தமிழருக்கு அந்நியம். நம் வீடுகளில் பறவையைப் பார்ப்பதும் அதற்கு இடுவதும் ஒரே செயலாக இருந்தன. சமைத்ததும் முதல் உருண்டை காக்கைக்கு. அமாவாசையன்றும் திதியன்றும் அது வந்து தொட்ட பிறகே இலை போடுவார்கள். தை மாதம் கனுவன்று மஞ்சள் இலையில் வண்ணவண்ணச் சோற்று உருண்டைகளை வரிசையாக வைத்துப் பெண்கள் காக்கையை அழைப்பார்கள். கூரையேறி நின்று கூப்பிட்ட குரலுக்கு அது இறங்கி வருகிறதா, எந்தப் பக்கமிருந்து வருகிறது, முதலில் எதைத் தொடுகிறது என்று வீடே அண்ணாந்திருக்கும். பறவை நோக்கல் என்ற பெயர் வருவதற்கு முன்பே இருந்த நோக்கல் அது.

சிங்கப்பூர்க் காக்கைக்கும் நமக்கும் ஓர் உறவுக்கதை உண்டு. இது இத்தீவின் பூர்வீகப் பறவையல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மலாயாவின் கிள்ளான் பகுதிக் காப்பித் தோட்டங்களில் கம்பளிப்புழுக்கள் பெருகியபோது, அவற்றைத் தின்பதற்காக இலங்கையிலிருந்து காக்கைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அதே துரைமார் அதே தோட்டங்களுக்கு, அதே கடலைக் கடக்கவைத்துத்தான் நம் மூதாதையரையும் கொண்டுவந்தார்கள். காப்பி அழிந்து ரப்பர் வந்தது. காக்கைகள் தெற்கே பரவி 1940-களில் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றின் கூட்டில் முட்டையிட்டுப் பிழைக்கும் குயிலும் இங்கே பெருகியது. விடியலில் அடுக்குமாடிகளை எழுப்பி, நகர மன்றத்துக்குப் புகார் எழுதவைக்கும் குயில், காக்கைக்குப் பின்னால் வந்த குடும்பம்.

எண்ணிக்கை பெருகியதும் காக்கை தொல்லையானது. 1970-களிலிருந்து பல பத்தாண்டுகள் துப்பாக்கிச் சங்கத்தினரை அனுமதித்துக் காக்கைகளைச் சுடவைத்தார்கள். இப்போது பொறி வைக்கிறார்கள், கூடுகளை அகற்றுகிறார்கள், குப்பைத்தொட்டிகளை மூடிவைக்கச் சொல்கிறார்கள். இந்தச் சூழலில் திதி கொடுக்கும் வீடு என்ன செய்யும்? பெரும்பாலும் படையலை முடித்துவிட்டு, காக்கைக்குரிய பங்கைக் கோயில் அன்னதானத்தில் சேர்த்துவிடுகிறார்கள். எங்கள் புளோக்கில் ஒரு பாட்டி இந்த ஏற்பாட்டை ஒப்புக்கொள்வதில்லை. “எங்க மாமனாருக்கு ஒரு உருண்டை சோறு போட நான் எந்த ஆபீஸ்ல போய் பர்மிட் வாங்கறது, சொல்லு தம்பி?” என்பார். சட்டம் தெரிந்தவர்கள் யாரிடமும் இதற்குப் பதில் இல்லை. மூதாதையர் வனவிலங்குப் பட்டியலில் வரமாட்டார்கள்; வருகிற உருவம் வருகிறது.

பாட்டியின் கேள்வியில் இன்னொன்றும் இருக்கிறது. அவர் காக்கைக்குச் சோறு வைக்கவில்லை, மாமனாருக்கு வைக்கிறார். காக்கை அங்கே ஒரு வழி. அதன் கண்ணோரச் சாம்பல், கழுத்தின் வெளிறல், குஞ்சுக்கு எடுத்துப் போகிறதா தானே தின்கிறதா என்பதெல்லாம் அந்தச் சடங்கில் கணக்கில் வராது. கொடுப்பவரின் பார்வை தன் எண்ணத்தைப் பறவை மேல் ஏற்றிப் பார்க்கும். கேமராவின் முன்னால் உட்காருபவருக்கோ கொடுத்ததன் பெருமை இல்லை. வந்ததா வரவில்லையா என்ற சகுனமும் இல்லை. அதனால் சிக்கடியைச் சிக்கடியாகப் பார்க்க முடிகிறது. இழப்பு உண்டுதான். இடுகிற கைக்குப் பறவையைத் தெரியும், பறவைக்கும் அந்தக் கையைத் தெரியும். நேரலையில் நாம் மட்டுமே பார்க்கிறோம். நம்மைத் திரும்பிப் பார்க்கும் கண் எதுவும் இல்லை.

*

இடுவதும் பார்ப்பதும் ஒருவரிடமே சேர்ந்திருந்ததற்குச் சென்னையில் சான்று உண்டு. ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்க்கும் தொழில் செய்தவர் ஜோசப் சேகர். ‘கேமரா’ சேகர் என்றால் பலருக்குத் தெரியும். அணிலுக்கும் குருவிக்கும் என்று மாடியில் அரிசி வைக்கத் தொடங்கியவர். 2004 சுனாமிக்குப் பிறகு கிளிகள் வரத் தொடங்கின. அவை ஆயிரக்கணக்கில் பெருகின. விடியலிலும் மாலையிலும் கைப்பிடிச் சுவரிலும் பலகைகளிலும் ஊறவைத்த அரிசியை வரிசைவரிசையாகப் பரப்புவார்; சற்று நேரத்தில் மின்கம்பிகள் எல்லாம் பச்சையாகும். வருமானத்தில் பெரும்பங்கு அரிசிக்கே போனது. பார்க்க வருபவர்களிடம் அவர் கேட்டதெல்லாம் அசையாமலும் பேசாமலும் இருக்க வேண்டும் என்பதே. வாழ்நாளெல்லாம் பிறர் கேமராக்களைத் திருத்தியவர், கேமராக்கள் தேடி வரும் காட்சி ஒன்றைத் தன் மாடியில் உண்டாக்கினார்.

இன்னொரு சென்னைக்காரர் மா. கிருஷ்ணன். 1950 முதல் 1996-ல் மறையும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் தொடர்ந்து இயற்கைப் பத்தி எழுதியவர், தமிழிலும் எழுதியவர். உதிரி பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட கேமராவில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தார். அபூர்வமான பறவைக்காகத் தூரம் போனதைப் போலவே, மயிலாப்பூர் வீட்டைச் சுற்றித் திரிந்த காக்கையையும் மைனாவையும் அவர் விடாமல் எழுதினார்.

சேகரின் கை பறவையை வரவழைத்தது. கிருஷ்ணனின் கண், பறவை இருந்த இடத்துக்குத் தானே போனது. சிங்கப்பூர் நமக்கு முதல் வழியை அடைத்துவிட்டது. இரண்டாவது வழி திறந்தே கிடக்கிறது. அதில் நடப்பவர்கள்தான் குறைவு.

*

முதல் வழியை அடைத்தது நியாயமா என்று கேட்டால், நியாயம் என்றே சொல்வேன். காரணம் அபராதம் விதிக்கும் ஊர்களில் கிடைத்ததைவிட, தட்டு வைக்கும் ஊர்களிலேயே தெளிவாகக் கிடைத்திருக்கிறது. 1994 குளிர்காலத்தில் வாஷிங்டன் சுற்றுவட்டாரத்தில் இரைத்தட்டுக்கு வந்த ஹவுஸ் ஃபின்ச் குருவிகள் கண் வீங்கி, சீழ்பிடித்து, தட்டையே பார்க்க முடியாமல் தட்டின் மேல் உட்கார்ந்திருந்தன. கோழிப்பண்ணைகளில் காணப்படும் ஒரு நுண்ணுயிர் அவற்றுக்குத் தாவியிருந்தது. ஒரே தட்டில் அலகு தேய்ந்த இடத்தில் அடுத்த அலகு தேய, நோய் சில ஆண்டுகளில் கிழக்குக் கரை முழுதும் பரவியது. பரவிய பாதையை வரைந்து கொடுத்தவர்களும் தட்டு வைத்தவர்களே. பிரிட்டனில் 2005-க்குப் பின் கிரீன்ஃபின்ச் குருவிகள் தொண்டையைத் தாக்கும் ஒட்டுண்ணி நோயில் கூட்டம் கூட்டமாக மடிந்தன; அங்கும் தட்டுகள் நோய் கைமாறும் சந்தையாயின. 2017-ல் வெளியான ஆய்வொன்று, பிரிட்டனின் கிரேட் டிட் பறவைகளின் அலகு நெதர்லாந்தில் இருப்பவற்றைவிட நீண்டுவருவதைக் காட்டி, தட்டுகளில் உண்ணும் பழக்கத்தை ஒரு காரணமாகச் சுட்டியது. இட்ட கை, உண்ட அலகையே மாற்றத் தொடங்கிவிட்டது.

இங்கே நிலைமை இன்னும் நெருக்கம். ஒரு சதுரக் கிலோமீட்டரில் ஆயிரக்கணக்கானோர் அடுக்கடுக்காக வாழும் வட்டாரத்தில் ஒருவர் இரக்கம் அடுத்தவர் துணிக்கொடியில் எச்சமாக விழும். தேக்கா, சிராங்கூன் சாலைப் பக்கம் தானியத்துக்குக் கூடும் புறாக்களை அந்த வட்டாரக் கடைக்காரர்களிடம் கேட்டால் ஆன்மிகம் பேசமாட்டார்கள். தட்டில் இடுவதால் பெருகுபவை ஏற்கெனவே பெருகியவையே என்பதும் உண்மை. நம் நடைபாதைகளில் திரியும் ஜாவா மைனா, கூண்டுப் பறவையாக இங்கே வந்து தப்பிய இனம். தன் சொந்தத் தீவான ஜாவாவில் கூண்டு வியாபாரத்தால் அருகிப்போய், இங்கே எச்சில் தட்டுகளை நம்பிப் பெருகிக் கிடக்கிறது. மிச்ச நூடுல்ஸும் ரொட்டியும் தேன்சிட்டையோ மாங்குயிலையோ அழைத்துவராது.

கேமராத் தட்டுகளுக்கும் இந்த விசாரணை பொருந்தும். பனாமாவின் வாழைப்பழமும் இத்தாக்காவின் சூரியகாந்தி விதையும் தாமாக வந்து தட்டில் விழவில்லை. பார்ப்பவர் நன்கொடையும் இரைத்தட்டு விற்பவர் ஆதரவும் இருக்கின்றன. நாம் கொடுக்கவில்லை என்பது பாதி உண்மை. தொலைவிலிருந்து பார்த்ததும் ஒரு வகையில் கொடுத்ததுதான். அங்கே தட்டைக் கழுவ, நோயைக் கவனிக்க, எழுதிவைக்க ஆளிருக்கிறது என்பது வேறுபாடு. கழுவ ஆளில்லாத தட்டு எந்த ஊரிலும் வேண்டாம்.

*

தட்டே இல்லாமல் கேமரா என்ன செய்ய முடியும் என்பதற்கு விடை சிங்கப்பூரிலேயே இருக்கிறது. இருவாச்சி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு இத்தீவிலிருந்து மறைந்த பறவை. 1994-ல் உபின் தீவில் ஒரு ஜோடி தென்பட்டது. 1997-ல் அங்கே கூடுகட்டிக் குஞ்சு பொரித்தது. பருத்த பொந்துள்ள முதுமரங்கள் குறைந்துபோன தீவில் இருவாச்சிக்குப் பசியைவிடப் பெரிய பிரச்சினை வீடு. 2004-லிருந்து ஆய்வாளர் மார்க் கிரெமாடஸும் மகப்பேற்று மருத்துவர் இங் சூன் சாயும், தேசியப் பூங்காக் கழகத்தோடும் நம் ஜூரோங் பறவைப் பூங்காவோடும் சேர்ந்து மரங்களில் செயற்கைப் பொந்துகளைப் பொருத்தினார்கள். உள்ளே அகச்சிவப்புக் கேமராக்கள்.

இருவாச்சியின் பேறுகாலம் உலகறிந்தது: பெண் பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும், ஒரு கீறல் மட்டும் மிஞ்சும், அதன் வழியே ஆண் வாரக்கணக்கில் அத்திப்பழமும் பூச்சியும் ஊட்டும். அடைத்த சுவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைக் கேமராதான் காட்டியது. காட்டியதில் எல்லாம் இனிமையாக இல்லை. கடைசியாகப் பொரிந்த நோஞ்சான் குஞ்சு கொல்லப்பட்டு உணவாவதும் பதிவானது. நம் மேடைப் பேச்சுகளில் கற்புக்கும் தாய்மைக்கும் எடுத்துக்காட்டாக வரும் பறவை அது. கேமரா நமக்கு ஒத்துவரும் பகுதியை மட்டும் காட்டினால் அது படம். மற்றதையும் காட்டும்போதுதான் அறிவு. 2025 மார்ச்சில் கலிபோர்னியாவின் பிக் பேர் பள்ளத்தாக்கில் ஜாக்கி, ஷேடோ என்ற கழுகு ஜோடியின் மூன்று குஞ்சுகளில் ஒன்று பனிப்புயலில் மாண்டதை உலகமே நேரலையில் பார்த்தது. யாரும் கை நீட்டிக் காப்பாற்றவில்லை; காப்பாற்றக் கூடாது என்ற பாடத்தைப் பார்வையாளர்கள் கண்ணீரோடு கற்றார்கள்.

இன்று இருவாச்சி உபினிலிருந்து கடல் தாண்டி நகர்ப் பூங்காக்களுக்கும் குடியிருப்புகளுக்கும் வந்துவிட்டது. யாரும் பழத்தட்டு வைத்து அழைக்கவில்லை. பொந்து கிடைத்தது, காய்க்கும் மரங்கள் இருந்தன, வந்தது.

சட்டம் தடுக்காத இரைத்தட்டு மரம்தான். பூன் லேயின் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே நடந்தால் சாலாம் மரமும் அத்தியும் சர்க்கரைப்பழ மரமும் காய்த்து நிற்பதைக் காணலாம். காய்க்கும் காலத்தில் பச்சைப்புறாக்கள் இலையோடு இலையாக மறைந்து தின்னும். கீழே உதிரும் பழங்களால்தான் மேலே கூட்டமிருப்பது தெரியும். மாங்குயிலின் மஞ்சள் ஒரு நொடி தெரியும். சின்னான்கள் சண்டையிடும். பனாமாத் தட்டில் பார்த்த அதே அதிகார வரிசை, யாரும் ஒளிபரப்பாமல், புளோக்கின் பின்னால் நடந்துகொண்டிருக்கிறது. நேரலையில் பழகிய பொறுமையைக் கொண்டுவந்து இங்கே நின்றால் போதும். காத்திருக்கத் தெரியாதவருக்கு அது வெறும் மரம்.

பாட்டிக்கும் இதைத்தான் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, ஒப்புக்கொள்ள வேண்டியதும் இல்லை, அவர் கணக்கு மேலுலகத்தோடு. ஆனால் அவர் வீட்டு நடைபாதையிலுள்ள செம்பருத்திக்குத் தேன்சிட்டு வருகிறது. இப்பறவை அடுக்குமாடி நடைபாதைத் தொட்டிச் செடிகளில் கூடு தொங்கவிடும் துணிச்சல்காரி; ஆள் நடமாட்டத்தை அது பொருட்படுத்துவதில்லை. செடி நட்டவர் எதையும் இடவில்லை, இட்டதாகச் சட்டமும் கருதாது. பூவைத் திறப்பது செடி, குடிப்பது பறவை.

ஆகவே இதைப் படிக்கும் பூன் லேவாசிகளுக்கும், இதே போன்ற மாடிகளில் எங்கெங்கோ வாழ்பவர்களுக்கும் சொல்ல இருப்பது இவ்வளவுதான். பனாமாவையும் இத்தாக்காவையும் பாருங்கள், கண் பழகும். பழகிய கண்ணோடு வீட்டுக்கு வெளியே வாருங்கள். தீயணைப்புத் துறையின் விதிப்படி பொது நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட்டுவிட்டால், மிச்ச இடத்தில் ஒரு செம்பருத்தித் தொட்டி வைக்கலாம். அரிசி தூவினால் 5,000 வெள்ளி. செம்பருத்திக்கு அபராதம் இல்லை.